கீழ்த்தளத்தில் ஹூக்கா கஃபே வருகிறது: மேலே குடியிருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது கரியைப் பற்றி

கேள்வி கேட்டவர் சுருக்கமாகத்தான் எழுதியிருந்தார். இரண்டாவது மாடியில் குடியிருக்கிறார்கள், மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. கீழே காலியாகக் கிடந்த கடையில் அடுத்த மாதம் ஹூக்கா கஃபே திறக்கப் போகிறார்கள். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் சண்டை. "நாங்கள் பயப்பட வேண்டுமா? என்ன செய்யலாம்?" என்று முடித்திருந்தார். நான் புரிந்துகொண்ட வரை இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, கீழே நடப்பது உண்மையிலேயே என் வீட்டுக் காற்றுக்குள் வருமா? இரண்டாவதை அவர் எழுதவில்லை, ஆனால் வரிகளுக்கு நடுவே தெரிகிறது: ஊர்ச்சண்டைக்காரன் என்ற பெயர் வாங்காமல் இதை எப்படிக் கேட்பது?

நான் கட்டடங்களுக்குக் காற்றோட்டம் அமைக்கும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். டக்ட் (காற்றுக்குழாய்), எக்ஸாஸ்ட் (உள்காற்றை வெளியேற்றும் அமைப்பு), ஏசி, இதுதான் பிழைப்பு. கடைக்கும் மேல்மாடி வீட்டுக்கும் தகராறு முற்றிய பிறகு "கொஞ்சம் வந்து பாருங்கள்" என்று கூப்பிடுவார்கள். அப்படிப் போன இடங்களில் ஹூக்கா கஃபேக்களும் உண்டு. மருத்துவரும் இல்லை, வக்கீலும் இல்லை. அந்த இரண்டு பக்கமும் வரும்போது அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் உங்கள் வாட்ஸ்அப் குழு. நான் பார்க்காமலே சொல்கிறேன், அதில் மூன்று கட்சி இருக்கும். "இந்தக் கடை வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள், கண்டவன் எல்லாம் வாசலில் நிற்பான்" என்பது ஒன்று. "புகை வரும், புற்றுநோய் வரும்" என்பது இன்னொன்று. "அது வெறும் ஆவிதானே, தண்ணீரில் வடிகட்டித்தானே வருகிறது, அவனவன் பிழைப்பை ஏன் கெடுக்கிறீர்கள்" என்பது மூன்றாவது. மூன்றாவது கட்சியில் ஒருவராவது ஏற்கனவே ஹூக்கா பிடிக்கிறவராக இருப்பார், அதை வெளியே சொல்ல மாட்டார். முதல் கட்சிதான் சத்தமாகப் பேசும். கடைக்காரருக்கு மிகவும் வசதியான எதிரியும் அவர்கள்தான். ஒழுக்கத்தைப் பற்றிய புகாரை எந்த அதிகாரியாலும் மீட்டர் வைத்து அளக்க முடியாது. "இவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்" என்று கடைக்காரர் ஒரே வரியில் முடித்துவிடுவார். உங்களுக்கு அந்தக் கவலை இருக்கலாம், நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் அதையும் காற்றையும் ஒரே மனுவில் எழுதினால் இரண்டுமே போகும். இப்படிப் போனதை நேரில் பார்த்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஹூக்கா என்றதும் எல்லோர் கண்ணிலும் படுவது புகைதான். வெள்ளையாக, அடர்த்தியாக, பழவாசனையோடு வரும். அந்த வெள்ளைக்குப் பெரும் காரணம் கிளிசரின். புகையிலையைச் சர்க்கரைப் பாகிலும் கிளிசரினிலும் ஊறவைத்து, வாசனை சேர்த்து, மேலே உள்ள கிண்ணத்தில் வைக்கிறார்கள். அதற்கு மேல் துளை போட்ட ஃபாயில், அதற்கு மேல் எரியும் கரித்துண்டு. வாயில் வைத்து இழுக்கும்போது கரியின் சூட்டுக்காற்று புகையிலை வழியாக இறங்கி, தண்ணீருக்குள் குமிழியிட்டு, குழாய் வழியாக வருகிறது. சிகரெட்டில் புகையிலை தானே எரிகிறது. இங்கே எரிவது கரி. புகையிலை அந்தச் சூட்டில் வேகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மனதில் வாங்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான். கீழே வரப்போவது, நாள் முழுக்கக் கரி எரியும் ஒரு கடை.

கரி அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். 2008ல் வெளியான ஓர் ஆய்வில் கரிக்குப் பதிலாக மின்சூடு வைத்து ஹூக்காவை இழுத்துப் பார்த்தார்கள். ஹூக்காப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடில் சுமார் 90 சதவீதம் கரியிலிருந்தே வருகிறது என்று தெரிந்தது. ஆகவே பழவாசனை உங்கள் வரவேற்பறைக்கு வருகிறதா என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: கரியை எங்கே பற்றவைக்கப் போகிறார்கள், அந்தக் காற்று எந்த வழியாக வெளியே போகிறது?

இந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்டது ஒரு கடையின் பின்கட்டில். மேல்மாடியில் நாற்றம் என்று புகார், போய்ப் பார்த்தேன். வாடிக்கையாளர் உட்காரும் பகுதி பளபளவென்று இருந்தது, அங்கே எக்ஸாஸ்டும் பரவாயில்லை. பின்னால் ஒரு கதவைத் திறந்தால், கட்டிலைப் போட்டால் நிறைந்துவிடும் அளவுக்கு ஒரு அறை. அதில் கரியடுப்பு. தேங்காய்ச் சிரட்டைக் கரிக்கட்டிகள் வரிசையாகக் கனிந்துகொண்டிருந்தன, மேலே சாம்பல் படர்ந்து, புகையே இல்லாமல். அடுப்புக்கு முன்னால் ஒரு பையன் இடுக்கியோடு உட்கார்ந்திருந்தான். சட்டையில் நான் மாட்டியிருந்த சிறிய கார்பன் மோனாக்சைடு மீட்டரை 35 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் 35 பங்கு) அலாரம் அடிக்கும்படி வைத்திருந்தேன். உள்ளே கால் வைத்துச் சில நொடிகளில் அது கத்த ஆரம்பித்துவிட்டது. பையன் பயந்து எழுந்து, "அண்ணா, என்ன அது?" என்றான். தினமும் ராத்திரி பத்து மணிக்கு மேல் தலைவலி வரும், தூக்கக் கலக்கம் என்று நினைத்து டீ குடிப்பேன் என்றான். அறையின் ஒரே ஜன்னல் கட்டடத்தின் நடுவில் காற்றுக்காக மேலே வரை திறந்து விட்டிருந்த இடைவெளியை, அதாவது காற்றுக்கிணற்றைப் பார்த்து இருந்தது. அதே கிணற்றைப் பார்த்துத்தான் மேலே நான்கு வீடுகளின் குளியலறை ஜன்னல்களும் இருந்தன. புகார் கொடுத்தவர்கள் முன்பக்க ஹாலைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தார்கள். பின்கட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏனென்றால் அங்கிருந்து வாசனை வரவில்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம். கரி பற்றும் முதல் சில நிமிடங்களில்தான் கண்ணுக்குத் தெரியும் புகை அதிகம். நன்றாகக் கனிந்து சிவந்த பிறகு புகை அநேகமாகத் தெரியாது. "பாருங்கள், புகையே இல்லை" என்று காட்டுவார்கள். கார்பன் மோனாக்சைடு அப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். தீக்குச்சி காட்டியதும் பொரிந்து பற்றும் ரகக் கரியும் உண்டு; அதில் பற்றவைக்கும் ரசாயனம் கலந்திருக்கும், ஆரம்ப நாற்றமும் அதிகம்.

தண்ணீர் வடிகட்டுகிறது என்பது பழைய நம்பிக்கை. புகை குளிர்கிறது, தொண்டைக்கு இதமாகிறது, அது நிஜம். அதனாலேயே ஆழமாகவும் நேரமெடுத்தும் இழுக்க முடிகிறது. கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் அநேகமாகக் கரையாது, குமிழியோடு குமிழியாக வெளியே வந்துவிடும். "எங்களுடையது மூலிகை, புகையிலை இல்லை" என்று இன்னொன்று சொல்வார்கள். 2012ல் புகையிலை உள்ளதையும் இல்லாததையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. நிகோடினைத் தவிர மற்ற நச்சுப் பொருள்கள் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தன. மேலே இருப்பது அதே கரிதானே.

அதே நேரம், உங்கள் குழுவில் யாராவது "ஒரு ஹூக்கா நூறு சிகரெட்டுக்குச் சமம்" என்று ஃபார்வர்ட் செய்திருப்பார்கள். அதை அப்படியே மனுவில் எழுத வேண்டாம். இப்படிப்பட்ட எண்கள் வரும் வழி இது: ஒரு மணி நேர ஹூக்காவில் சுமார் 200 இழுப்பு, உள்ளே போகும் புகையின் கன அளவு ஏறத்தாழ 90,000 மில்லிலிட்டர், ஒரு சிகரெட்டில் 20 இழுப்பு, 500 முதல் 600 மில்லிலிட்டர். இது புகையின் கன அளவு மட்டும்தான். இரண்டு புகையின் கலவையும் வேறு, அதனால் நச்சும் அதே மடங்கு என்று சொல்ல முடியாது. அதோடு இது இழுப்பவரைப் பற்றிய கணக்கு, மாடியில் தூங்கும் குழந்தையைப் பற்றியது அல்ல. கடைக்காரர் தரப்பில் விவரமான ஒருவர் இருந்தால் இந்த ஒரு வரியை வைத்தே உங்கள் மனு முழுவதையும் கேலிக்கூத்தாக்கிவிடுவார்.

உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு. அதே அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும், அங்கே வேலை செய்பவர்களுக்கும் பாதிப்பு உண்டு; இதில் விவாதமே இல்லை. அடுத்தவர் விடும் புகையிலைப் புகையில் பயமில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்று அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் 2006ஆம் ஆண்டு அறிக்கை சொல்லிவிட்டது. மாடி வீடு என்று வரும்போது பதில் மருத்துவத்திலிருந்து கட்டடத்துக்கு மாறுகிறது. காற்று வர வழி இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. ஒரே தெருவில் இரண்டு கட்டடங்கள், ஒன்றில் மேல்மாடிக்கு ஒன்றுமே தெரியாது, இன்னொன்றில் அலமாரியில் மடித்து வைத்த துணி வரை மணக்கும். கட்டடத்தைப் பார்க்காமல் "கண்டிப்பாக வரும்" என்றோ "பயப்படாதீர்கள்" என்றோ யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்கூட.

வழிகள் எவை? பலரும் நினைப்பதுபோல் கான்கிரீட் தளத்தைத் துளைத்துக்கொண்டு வராது. ஜிப்சம் பலகைச் சுவர் வழியாகக் கார்பன் மோனாக்சைடு கசியும் என்று 2013ல் ஓர் ஆய்வு காட்டியது. பக்கத்துக் கடைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகைத் தடுப்பு மட்டுமே இருந்தால் அது முக்கியம். மற்றபடி இடுக்குகள்தான் வழி. சமையலறைத் தொட்டியின் கீழே குழாய் இறங்கும் ஓட்டை, குளியலறைக் குழாய்கள் செல்லும் ஷாஃப்ட், மின்கம்பிகள் ஏறும் பாதை, லிஃப்ட் குழி, மாடிப்படி, பிறகு நீங்களே திறந்து வைக்கும் ஜன்னல். காற்று தானாக நகராது, ஏதாவது ஒன்று அதைத் தள்ள வேண்டும் அல்லது இழுக்க வேண்டும். குளிர்காலத்தில் உள்ளே சூடான காற்று மேலே ஏறும், கட்டடமே ஒரு புகைபோக்கி போல வேலை செய்யும். உங்கள் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு ஜன்னல்களை மூடி வைத்தால், வெளியே போகும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டும். கீழேயிருந்து இடுக்கு வழியாக வரும். அதாவது கடைக்காற்றை உங்கள் ஃபேனே உறிஞ்சிக் கொண்டுவரலாம்.

இதைச் சோதிக்க என்னிடம் விலையுயர்ந்த கருவி இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் ஊதுபத்திதான் பயன்படுத்துகிறேன். ஜன்னல், வாசல் எல்லாம் மூடுங்கள், சமையலறை ஃபேனைப் போடுங்கள். ஊதுபத்தி ஏற்றி, தொட்டிக்குக் கீழே குழாய் இறங்கும் இடத்துக்கு அருகில் அசையாமல் பிடியுங்கள். புகை நேராக மேலே போனால் கவலை இல்லை. ஓட்டையிலிருந்து யாரோ ஊதுவது போல வீட்டுக்குள் பக்கமாகச் சாய்ந்தால், அது வழி. குளியலறை ஷாஃப்ட் மூடியிலும், மின்பெட்டியிலும், வாசற்கதவின் அடியிலும் இதையே செய்யுங்கள். கடை திறக்கும் முன்பே இதைச் செய்துவிடலாம். கிடைத்த இடுக்குகளை சிலிகான் வைத்து அடைத்துவிட்டால், கடைக்காரரோடு ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும். ஃபேன் ஓடும்போது கடையைப் பார்க்காத பக்கத்து ஜன்னல் ஒன்றைக் கொஞ்சம் திறந்து வைக்கும் பழக்கமும் உதவும்.

அடுத்தது கடையின் எக்ஸாஸ்ட். "நல்ல வென்டிலேஷன் போடுகிறோம்" என்று சொல்வார்கள், மனதாரவே சொல்வார்கள். ஆனால் கடைக்குள் நல்ல வென்டிலேஷன் என்றால் அந்தக் காற்று கடைக்கு வெளியே வருகிறது என்றுதான் அர்த்தம். வெளியே என்றால் எங்கே? உள்வேலை காண்ட்ராக்டருக்கு எது அருகில் இருக்கிறதோ அங்கே. காற்றுக்கிணற்றில் டக்ட்டை விட்டால் நான்கு மீட்டர் குழாயோடு முடிந்துவிடும், மொட்டைமாடி வரை கொண்டுபோனால் பதினைந்து மீட்டர் வேண்டும். அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சரியான முறை, எல்லா ஜன்னல்களுக்கும் மேலே, கூரையையும் தாண்டி, செங்குத்தாக மேல் நோக்கி வெளியேற்றுவது. குழாய் உச்சியில் மழைக்குக் குடை போல ஒரு தொப்பி வைப்பார்கள், அது வேண்டாம். மேலே போகிற காற்றைத் தட்டிக் கீழே அனுப்பிவிடும். மழை உள்ளே வராமல் இருக்க வேறு வடிவங்கள் உண்டு, அந்த வேலை தெரிந்தவருக்குத் தெரியும்.

ஃபில்டர் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். ஹெப்பா என்னும் நுண்துகள் ஃபில்டர் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். ஆனால் வாயுவைப் பிடிக்காது. ஆக்டிவேட்டட் கார்பன் வாசனையைப் பிடிக்கும், அதுவும் நிறைகிற வரைதான். நேரத்துக்கு மாற்றாவிட்டால் வெறும் அலங்காரம். கார்பன் மோனாக்சைடு இந்த இரண்டையும் தாண்டிப் போய்விடும். எனக்கு இதில் ஒரு சங்கடமே உண்டு. வாசனையை மட்டும் எடுத்துவிட்டு வாயுவை விட்டுவிடும் ஃபில்டர், பக்கத்து வீட்டுக்காரரின் எச்சரிக்கை மணியை நிறுத்திவிடுகிறது. அதனால் ஃபில்டர் என்று கடைக்காரர் சொன்னால் மகிழ்ச்சியோடு தலையாட்டாமல், "சரி, காற்றை எங்கே விடுகிறீர்கள்?" என்று திரும்பவும் கேளுங்கள். எங்கள் துறையின் பெரிய தொழில்முறைச் சங்கமான ஆஷ்ரே, 2005லேயே, உட்புறப் புகைபிடிப்பின் உடல்நல ஆபத்தைக் காற்றோட்டத்தால் நீக்க முடியாது, உள்ளே புகைபிடிப்பதை நிறுத்துவதுதான் வழி என்று சொல்லிவிட்டது. காற்றோட்டம் விற்றுப் பிழைப்பவர்களே அப்படிச் சொல்கிறோம் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் திறந்து மூன்று மாதம் கழித்து உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். நான் போன இடங்களில் பாதிக்கு மேல், புகையில் ஆரம்பித்த சண்டை கடைசியில் நாற்காலி இழுக்கும் சத்தத்திலும் ஃபேன் மோட்டாரின் அதிர்விலும் வந்து நின்றது. பாட்டின் பேஸ் சத்தத்தைச் சுவர் தடுக்காது. கட்டடத்தின் தூண் வழியாகவே ஏறி வரும். சாதாரண சத்த மீட்டர்கள் மனிதக் காதைப் போலவே தாழ்ந்த ஒலிக்குக் குறைந்த மதிப்புக் கொடுப்பதால் அந்தத் தாழ்ந்த அதிர்வைக் குறைத்துக் காட்டும். அதிகாரி வந்து அளந்து "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போவார், உங்கள் தலையணை அதிர்ந்துகொண்டிருக்கும். எக்ஸாஸ்ட் மோட்டாரை ரப்பர் அல்லது ஸ்பிரிங் தாங்கியின் மேல் வைக்கச் சொல்வது, நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டச் சொல்வது, ஸ்பீக்கரைச் சுவரில் அறையாமல் இருக்கச் சொல்வது எல்லாம் திறப்பதற்கு முன்னால் ரொம்பச் சின்ன செலவு. திறந்த பிறகு கேட்டால் அது தகராறு.

ஆகவே நேரம்தான் முக்கியம். ஃபால்ஸ் சீலிங் மூடுவதற்கு முன்னால் போய்ப் பேசுங்கள். அது வரை டக்ட் எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பார்க்கலாம், மாற்றவும் முடியும். மூடிவிட்டால் அவருக்கு அது இடித்துக் கட்டும் செலவு, அப்புறம் யாரும் இறங்கி வர மாட்டார்கள். பத்துப் பேராகப் போகாதீர்கள், இரண்டு பேர் போதும். முதல் கட்சிக்காரர் அந்த இரண்டில் ஒருவராக இருக்க வேண்டாம். கடைக்காரரும் பெரும்பாலும் உங்களைப் போல வாடகைக்கு வந்தவர்தான், சேர்த்து வைத்த பணத்தைப் போட்டிருப்பார், டக்ட் எங்கே போகிறது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கும். கரி எங்கே பற்றவைக்கிறீர்கள், அதற்குத் தனி எக்ஸாஸ்ட் உண்டா, அது எங்கே முடிகிறது, அந்த அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பீர்களா என்று வரிசையாகக் கேளுங்கள். ராத்திரி மிஞ்சும் கரியை எதில் கொட்டுகிறீர்கள் என்பதையும் மறக்காமல் கேளுங்கள். சாம்பலுக்குள் கனல் பல மணி நேரம் இருக்கும். பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு போனால் தீவிபத்துக்கு வேறு எதுவும் வேண்டாம். மூடியுள்ள இரும்புத் தொட்டி, ஊற்றத் தண்ணீர், அவ்வளவுதான் கேட்கிறோம். இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட ஹூக்கா நல்லதா கெட்டதா என்பதைப் பற்றியது அல்ல, கவனித்தீர்களா? அதனால்தான் அவரால் பதில் சொல்ல முடியும். பேசி முடித்ததைப் பணிவாக ஒரு மெசேஜாக அன்றைக்கே அனுப்பி வைத்துவிடுங்கள், பிறகு உதவும்.

இன்னொன்றையும் திறப்பதற்கு முன்னால்தான் செய்ய முடியும். இப்போது உங்கள் வீட்டுக் காற்று எப்படி இருக்கிறது என்பதைக் குறித்து வைப்பது. பிஎம் 2.5, அதாவது காற்றிலுள்ள நுண்துகள்களின் அளவைக் காட்டும் சிறிய மீட்டர் ஒன்றைக் குழந்தை தூங்கும் அறையில் இரண்டு வாரம் வைத்து, எண்களைச் சேமியுங்கள். இந்த வகை மீட்டர்கள் லேசர் ஒளி சிதறுவதை வைத்துக் கணக்குப் போடுபவை; தாளிக்கும் புகைக்கும் எகிறும், பனிமூட்டத்துக்கும் எகிறும். அதனால் அதன் எண்ணை அப்படியே வேதவாக்காக எடுக்க முடியாது. முன்னால் இருந்ததும் பின்னால் ஆனதும் ஒரே மீட்டரில் இருந்தால் வித்தியாசம் பேசும். கடை திறந்த பிறகு வாங்கினால் "உங்கள் வீட்டில் எப்போதும் இப்படித்தான்" என்பார்கள், உங்களிடம் பதில் இருக்காது. ஒரு நோட்டில் தேதி, மணி, எந்த அறை, ஜன்னல் திறந்திருந்ததா, என்ன மணம் என்று ஒரு வரி எழுதி வாருங்கள். கோபத்தை அதில் எழுத வேண்டாம்.

கார்பன் மோனாக்சைடு அலாரமும் ஒன்று வாங்குங்கள், ஆனால் அது எதைச் சொல்லாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். வீட்டு அலாரங்கள் உயிராபத்துக்காகச் செய்யப்பட்டவை. ஐரோப்பியத் தரப்படி 50 பிபிஎம்மில் ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் கத்தும். அமெரிக்கத் தரப்படி 70 பிபிஎம்மில், ஒரு மணி முதல் நான்கு மணி நேரத்துக்குள். உலக சுகாதார நிறுவனம் 2021ல் 24 மணி நேரச் சராசரிக்குச் சொன்ன வரம்பு கன மீட்டருக்கு 4 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ மூன்றரை பிபிஎம். நடுவில் எவ்வளவு இடைவெளி பாருங்கள். அலாரம் அமைதியாக இருப்பதால் காற்று சுத்தம் என்று ஆகாது. எண்ணைத் திரையில் காட்டும் ரகமாக, குறைந்த அளவையும் காட்டுவதாகப் பார்த்து வாங்கினால் நல்லது.

அலாரம் கத்தினால் யோசிக்க வேண்டாம், உடனே வெளியே வந்துவிடுங்கள். அலாரம் கத்தாவிட்டாலும், வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்து, வெளியே போனால் சரியாகிறதென்றால், முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள், பிறகு மருத்துவமனை, பிறகுதான் கடைக்காரர். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறியதாகவே காட்டும், 98 என்று சிரிக்கும். தேவை ரத்தப் பரிசோதனை, அதையும் சீக்கிரம் எடுக்க வேண்டும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தாலே நான்கைந்து மணி நேரத்தில் பாதி இறங்கிவிடும். "கார்பன் மோனாக்சைடாக இருக்குமோ என்று சந்தேகம்" என்று நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அனுப்பிவிடக்கூடும். மருத்துவத்தில் இதற்கு மேல் நான் பேசுவது சரியில்லை.

சட்டம் நாட்டுக்கு நாடு, சில இடங்களில் நகரத்துக்கு நகரம் மாறும். உங்கள் இடத்தின் விதியை உள்ளூர் வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். பொதுவாகச் சொல்லக்கூடியது: உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, பெரும்பாலான நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. அதன் 8ஆவது பிரிவு, வேலையிடங்களிலும் பொது இடங்களின் உட்புறத்திலும் புகையிலைப் புகையிலிருந்து மக்களைக் காக்கச் சொல்கிறது. அதைச் சட்டமாக்கும்போது பல நாடுகளில் ஏதாவது ஒரு ஓட்டை விட்டிருக்கும். "உட்புறம்" என்றால் என்ன என்பதில் ஒன்று: இங்கிலாந்தில் 2007ல் தடை வந்தபோது, கூரையுள்ள இடத்தில் சுவர்ப் பரப்பில் பாதிக்காவது திறந்திருந்தால் தடை பொருந்தாது என்று வைத்தார்கள், ஷீஷா (அங்கே ஹூக்காவின் பெயர்) கடைகள் பாதிச் சுவரைத் திறந்துவிட்டன. அப்படித் திறந்த பக்கம் உங்கள் ஜன்னலாக இருந்தால் சட்டம் காப்பாற்றியது யாரை என்று கேட்கத் தோன்றும். இன்னொரு ஓட்டை "மூலிகை". புகையிலைச் சட்டம் புகையிலையைத்தான் பேசும், கரியைப் பேசாது. அதனால் பல நேரம் புகையிலைச் சட்டத்தைவிட, கட்டடத்தின் பயன்பாட்டு அனுமதி, தீயணைப்பு விதி, தொல்லை தரும் புகை பற்றிய விதி, உங்கள் குடியிருப்பின் சொந்த ஒப்பந்தம் ஆகியவைதான் வேலை செய்யும். பொதுவான காற்றுக்கிணற்றில் தனிக்கடையின் டக்ட்டை விட யார் அனுமதி கொடுத்தது என்ற ஒரே கேள்வியில் முடிந்த தகராறு ஒன்று எனக்குத் தெரியும். புகையைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

என் சொந்தக் கருத்தையும் கேட்டால், வீடுகளுக்கு நேர் கீழே உட்புறத்தில் கரி எரிக்கும் கடை கூடாது என்பேன். தனிக் கட்டடத்தில், மொட்டைமாடியில், திறந்த முற்றத்தில் நடத்தினால் எனக்கு ஆட்சேபம் இல்லை, இழுப்பவர் அவர் முடிவோடு இழுக்கட்டும். ஆனால் அது என் விருப்பம். உங்கள் கட்டடத்தில் கடை வருவது முடிவாகிவிட்டது, இப்போது பேச வேண்டியது அது எப்படி வருகிறது என்பதை. டக்ட் மொட்டைமாடிக்குப் போய், கரி அறைக்குத் தனி எக்ஸாஸ்ட் இருந்து, உங்கள் இடுக்குகளும் அடைபட்டுவிட்டால் மூச்சு விடலாம். காற்றுக்கிணற்றில் விடுகிறார்கள் என்றால் குழந்தையை வைத்துக்கொண்டு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், எழுத்தில் கட்டட உரிமையாளருக்கு ஆட்சேபம் தெரிவிப்பேன், திறப்பதற்கு முன்பே.

ஊதுபத்திச் சோதனையை இந்த வாரமே செய்யுங்கள். எந்தெந்த இடத்தில் புகை உள்ளே சாய்ந்தது, காற்றுக்கிணறு உங்கள் வீட்டின் எந்த அறையைத் தொடுகிறது, கீழே சீலிங் மூடிவிட்டார்களா இல்லையா என்று இங்கேயே எழுதுங்கள். மேற்கொண்டு சொல்கிறேன்.